ஏழாம் அத்தியாயம்: முயல் தேர்ந்துகொள்ளும் மூலை

முயலை வீட்டுக்குக் கொண்டுவந்து அறையில் விட்ட இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ விளக்குமாற்றை எடுத்துப் புழுக்கைகளைக் கூட்ட முற்படுகிறவர், அவை அறை முழுவதும் ஒரே சீராகச் சிதறிக் கிடக்கவில்லை என்பதையும், ஏதோ ஒரு மூலையில் மட்டும் குவியலாய்க் கிடக்க அதே இடத்தில் தரையும் ஈரமாயிருக்கிறது என்பதையும் சற்று நின்று கவனிப்பாரானால், இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதில் பாதியைத் தாமாகவே அறிந்துகொண்டவராவார். கிளிக்குப் பேசக் கற்பிப்பதுபோல, இல்லாத ஒன்றை முயலுக்குள்ளே புகுத்த வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஓரிடத்தில் கழித்து, மற்ற இடங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் அதன் சுபாவத்திலேயே ஊறியிருக்கிறது. அந்தச் சுபாவம் எந்த மூலையைக் காட்டுகிறதோ அந்த மூலையில் ஒரு தொட்டியைக் கொண்டுபோய் வைப்பதும், வைத்ததைக் காரணமின்றி மாற்றாமல் இருப்பதுமே நம்முடைய வேலை.

இந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது என்பதை அறிவது ஏட்டறிவுக்காக மட்டும் அன்று. பின்னால் வரும் ஒவ்வொரு யோசனைக்கும் அதுவே ஆதாரம். நம் வீடுகளில் வளரும் வெள்ளை முயலும் சாம்பல் முயலும் காது தொங்கும் முயலும், ஸ்பெயின், போர்ச்சுகல், தென் பிரான்ஸ் ஆகிய பிரதேசங்களைப் பூர்வீகமாகக் கொண்ட குழிமுயலின் சந்ததிகள். குழிமுயல்கள் கூட்டமாக வாழ்கிறவை; மண்ணைத் தோண்டி, பல வாயில்களும் கிளைப் பாதைகளும் உள்ள வளைகளை அமைத்துக்கொள்கிறவை. வளைக்கு வெளியே, சற்று மேடான அல்லது புல் குறைந்த சில இடங்களைக் கழிவிடங்களாக ஏற்படுத்திக்கொண்டு, கூட்டத்தைச் சேர்ந்த பல முயல்கள் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து புழுக்கையிடுகின்றன. அந்தக் குவியல் வெறும் கழிவு அன்று, எல்லைக்கல்லும் ஆகும். ஆசனவாயின் அருகிலுள்ள சுரப்பிகளின் கசிவு புழுக்கையின்மேல் படிந்து, அந்த நிலம் யாருடையது என்பதை அந்நிய முயலுக்கு வாசனையால் அறிவிக்கிறது. 1950-களிலும் 1960-களிலும் ஆஸ்திரேலியாவில் இந்த வாசனைச் சுரப்பிகளை விரிவாக ஆராய்ந்த ரோமன் மைக்கிட்டோவிச் என்னும் விஞ்ஞானி, கூட்டத்தில் தலைமை வகிக்கும் ஆண் முயல்களுக்கு அவை பெரிதாக இருப்பதையும், அவையே அதிகமாக எல்லை குறிப்பதையும் கண்டறிந்தார். ஆகவே முயல் தன் இடத்தை மூக்கினால் அறிகிறது என்பதும், தன் இடம் தன்னுடையது என்ற நிச்சயம் குலையும்போது கண்ட இடங்களிலும் அடையாளம் இடத் தொடங்குகிறது என்பதும் நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள்.

நம் கொல்லைகளிலும் கரட்டு நிலங்களிலும் ஓடுகிற காட்டு முயல் இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அது வளை தோண்டாது. புல்லிடையே உடம்பு பதிந்த சிறு பள்ளத்தில் படுத்து உறங்கும். அதன் குட்டிகள் கண் திறந்து, மயிர் போர்த்தே பிறக்கும். பழந்தமிழ்ச் செய்யுட்களில் வரும் முயலும் அதுவே. இந்த அத்தியாயத்தில் சொல்லுவன அதற்குப் பொருந்தா. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறதாகையால், யாரேனும் பிடித்துக்கொண்டுவந்து விற்றாலும் வாங்கலாகாது.

இனி, தொட்டி வைக்குமுன் கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. முயல் வளர்ப்பைக் குறித்துத் தமிழில் கிடைக்கும் கையேடுகளிற் பெரும்பாலானவை பண்ணைக்காக எழுதப்பட்டவை. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் முயல் வளர்ப்பில் நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. ஆனால் அங்கே நோக்கம் இறைச்சியும் உரோமமும் இனவிருத்தியும் ஆகும். பண்ணைக் கூண்டின் அடித்தளம் கம்பி வலையாக இருப்பதால் புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடுகின்றன. நூற்றுக்கணக்கில் வளர்ப்பவருக்கு அது சௌகரியமே. அதே கம்பிக் கூண்டை வாங்கி வீட்டில் வைத்து, ஒற்றை முயலை அதில் இருபத்துநான்கு மணி நேரமும் அடைத்து வைப்பவர், முயலின் பாதங்களைக் கெடுப்பதோடு அதன் நல்ல வழக்கத்தையும் கெடுக்கிறார். நாய்க்கும் பூனைக்கும் உள்ளதுபோல் பாதத்தில் மெத்தை இல்லாமல் மயிர் மட்டுமே உள்ள பிராணி அது. கம்பியின் மேல் ஓயாமல் நிற்கக் குதிகால் புண்ணாகிறது. எங்கு கழித்தாலும் காலடியில் மறைந்துவிடுகிற தரையில் நிற்கும் முயலுக்கு, மூலை என்பதே பொருளற்றுப் போகிறது. ஏற்கெனவே அப்படிப்பட்ட கூண்டு உங்களிடம் இருந்தால், கம்பியின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் சாக்கு விரியுங்கள்.

தொட்டிக்கு விசேஷக் கடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. முயல் உள்ளே ஏறி, நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி, உடம்பை நீட்டி உட்கார இடம் இருக்க வேண்டும் என்பதே அளவு. இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்கு 45 சென்டிமீட்டர் நீளமும் 35 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பிளாஸ்டிக் டப் போதும். இரண்டு முயல்கள் ஒன்றாக வாழ்ந்தால் இன்னும் பெரிதாக வாங்குங்கள், ஏனெனில் அவை ஒன்றாகவே ஏறி அமர விரும்பும். பக்கங்கள் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை உயரமாக இருப்பது நலம். முயல் பின்பாகத்தைச் சுவரோரமாக வைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு சிறுநீர் கழிக்குமாதலால், விளிம்பு தாழ்வாக இருந்தால் அது வெளியே தெறிக்கும். ஏறும் பக்கம் மட்டும் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். பூனைக்கென்று விற்கும் சிறு தட்டங்கள் பார்க்க அழகாக இருந்தாலும் பெரும்பாலும் முயலுக்குக் குறுகலானவை.

தொட்டியினுள் எதை இடுவது என்பதிலேதான் அறியாமையால் உயிருக்கே ஆபத்து நேர்கிறது. முயல் எதையும் பல்லால் சோதித்துப் பார்க்கிற பிராணி. அதோடு, ஒருமுறை விழுங்கியதை வாந்தியாக வெளியே தள்ளும் சக்தி அதன் உடலுக்கு இல்லை. பூனைக்காக விற்கும் களிமண் பொடி ஈரம் பட்டதும் கட்டியாகிறதல்லவா, அதே பொடி முயலின் குடலுக்குள் சென்றாலும் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஆகையால் அதை எந்நாளும் உபயோகிக்காதீர்கள். தச்சுப் பட்டறையிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் இழைப்புச் சுருளும் மரத்தூளும் நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் தேவதாரு, பைன் போன்ற மணமுள்ள மரங்களிலிருந்து எழும் ஆவி முயலின் ஈரலைப் பாதிக்கக்கூடியது. எந்த மரத்தின் சுருள் என்று தெரியாதபோது விலக்கிவிடுவதே விவேகம். நெல் உமியையும் தென்னை நார்க்கழிவையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். நார்க்கழிவு ஈரத்தை உறிஞ்சுவதில் சிறந்ததுதான், எனினும் உலர்ந்தால் இரண்டிலும் தூசி பறக்கிறது, முயலின் மூச்சுக்குழாயோ தூசியைப் பொறுக்காதது. நான் இரண்டையும் விலக்கிவிட்டேன். அடியில் பழைய செய்தித்தாளை நான்கைந்து மடிப்பாகப் பரப்பி, வழவழப்பான வண்ணத் தாள்களை ஒதுக்கி, அதன்மேல் மூன்று விரற்கடை உயரத்துக்கு நன்கு காய்ந்த வைக்கோலை இடுவதே நம் ஊருக்கு ஏற்ற, எளிய, அபாயமற்ற முறை. வைக்கோலில் பூஞ்சை நாற்றமோ கருமையோ இருந்தால் வேண்டாம். காகிதக் கூழில் செய்த வில்லைகள் கிடைக்கும் நகரங்களில் இருப்பவர்கள் அவற்றைத் தாராளமாக வாங்கலாம்.

தொட்டியின் ஒரு முனையில் முயல் தின்னும் உலர்புல்லைக் கைநிறைய வையுங்கள், அல்லது தொட்டியின்மேல் தொங்கும்படி ஒரு கூடையில் கட்டுங்கள். இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கிறார்கள்; உண்ணும் இடத்தையும் கழிக்கும் இடத்தையும் ஒன்றாக்குவதா என்று நம் ஆசாரம் தடுக்கிறது. முயலின் ஆசாரம் வேறு. அது புல்லைக் கடித்து மென்றுகொண்டிருக்கும் பொழுதே புழுக்கையிடுகிற பிராணி. புல் இருக்கும் இடத்தில் நெடுநேரம் உட்காரும், உட்கார்ந்த இடத்தில் கழிக்கும். தொட்டியைப் பழக்க நான் கண்ட சாதனங்களில் இந்தப் பிடி புல்லுக்கு நிகரானது வேறில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் டிமோத்திப் புல் விலை அதிகம். நம்மிடம் கொழுக்கட்டைப் புல்லும் கினியாப் புல்லும் அருகம்புல்லும் இருக்கின்றன, அவற்றை நிழலில் உலர்த்திக்கொண்டால் போதும். குதிரைமசாலையும் அகத்தியையும் அன்றாடம் அள்ளி வைக்காதீர்கள். அவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. முயலின் உடல் ஆகாரத்திலுள்ள சுண்ணாம்பைத் தாராளமாக ஏற்றுக்கொண்டு மிகுதியைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதாகையால், அளவு மீறினால் மூத்திரப்பையில் வண்டலாகப் படியக்கூடும்.

அடுத்தது, இடம். இதில் என் அனுபவத்தைச் சொல்லுவது பொருந்தும். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் முயல், சமையலறையை ஒட்டிய கூடத்தில், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் இடையே இருந்த இருண்ட மூலையைத் தன் இடமாக வைத்துக்கொண்டது. கழுவுவதற்குக் குழாய் அருகில் இருக்கிறதே என்று நான் தொட்டியைக் கொல்லை வாசற்படி ஓரமாக வைத்தேன். முயலைத் தூக்கித் தூக்கித் தொட்டியில் விட்டேன். அது குதித்து இறங்கி அரிசி டிரம்மின் பின்னால் போயிற்று. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதித்தவனைப்போல நானும் மூன்று வாரம் அந்த இடத்திலேயே பிடிவாதமாக நின்றேன். கடைசியில் என் தாயார், "அது கேக்கிற இடத்திலேதான் வெச்சுப் பாரேன்டா" என்றார். டிரம்மை ஒரு முழம் நகர்த்தித் தொட்டியை அங்கே வைத்தேன். நான்காம் நாள் தரை உலர்ந்திருந்தது. அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு முயலையும் முதல் இரண்டு நாள் தொட்டியே இல்லாமல் விட்டு, அது எந்த மூலைக்குப் போகிறது என்று பார்த்த பிறகே தொட்டியை எடுத்தேன். எந்த முயலுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனதில்லை. முயல் கேட்கும் மூலையில் கட்டிலோ புத்தக அலமாரியோ இருந்து அதை நகர்த்தவே முடியாதென்றால், அந்த மூலையை ஒரு பலகையால் அடைத்து, அது இரண்டாவதாக எந்த மூலையை நாடுகிறதென்று பாருங்கள்.

மூலை தெரிந்தபின் முதல் சில நாட்களுக்கு முயலின் இடத்தைச் சுருக்குவது நல்லது. கூண்டின் கதவைத் திறந்து, அதைச் சுற்றி ஒரு கட்டில் அளவு இடத்தைத் தட்டியால் அடைத்து, அதற்குள் தொட்டி, தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி ஆகியவற்றை வையுங்கள். ஈரமான தரையை ஒரு காகிதத்தால் ஒற்றி எடுத்து அந்தக் காகிதத்தையும், கூட்டிய புழுக்கைகளையும் தொட்டியினுள் போடுங்கள். முயலுக்கு வேறு அறிவிப்புப் பலகை வேண்டாம். வெளியே கழித்த இடத்தையோ உடனே கழுவி வாசனையைப் போக்க வேண்டும். முயல் வேறோர் இடத்தில் பின்பாகத்தை ஒதுக்கி வாலைத் தூக்கத் தொடங்குவதைக் கண்டால், ஓடாமல் கத்தாமல் அருகே சென்று, மெல்ல அதைத் தொட்டியின் பக்கம் நகர்த்துங்கள். தொட்டியில் கழித்து முடித்த அந்தக் கணத்திலேயே ஒரு கொத்தமல்லித் தழையோ சுண்டுவிரல் நுனியளவு காரட்டோ கொடுங்கள். ஐந்து நிமிஷம் தாமதித்துக் கொடுத்தால் அது எதற்காகக் கிடைத்ததென்று முயலுக்குத் தெரியாது.

அடிப்பதும், மூக்கைக் கழிவில் தேய்ப்பதும் அறவே கூடாதவை. வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்த முயல், தண்டனையைத் தண்டனையாக அறிவதில்லை. தன்னைக் கொல்ல வந்த மிருகமாகவே நம்மை அறியும். பயந்த முயல் முன்னிலும் அதிகமாகக் கண்ட இடத்தில் கழிக்கும். காதைப் பிடித்துத் தூக்குவதும் கொடுமை. அது பின்னங்கால்களை உதறும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக் கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு விதியைக் கண்டிப்பாக ஏற்படுத்துங்கள்: முயல் தொட்டியில் இருக்கும்போது அதை யாரும் தொடலாகாது, மருந்து கொடுக்கவோ நகம் வெட்டவோ அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகலாகாது.

ஒரு வாரம் சிறுநீர் முழுவதும் தொட்டியில் விழுந்தால் தட்டியைச் சற்று விலக்குங்கள். அடுத்த வாரம் அறை, பிறகு கூடம் என்று நாளடைவில் விரியட்டும். தவறினால் ஒருபடி பின்வாங்குங்கள். பெரிய வீடானால் மறுகோடியில் இரண்டாவது தொட்டி வைக்க வேண்டியிருக்கும். மொசைக்கும் டைல்ஸும் வழுக்குவதால் சில முயல்கள் தொட்டிவரை நடக்கவே அஞ்சும். அவற்றுக்குச் சாக்கால் ஒரு பாதை போட்டுக் கொடுங்கள். படுக்கையறைக் கதவை மட்டும் கடைசிவரை சாத்தி வையுங்கள், ஏனென்றால் மெத்தையும் ரஜாயும் போன்ற மிருதுவான பொருள்களின்மேல் சிறுநீர் கழிப்பதில் பல முயல்களுக்கு விருப்பம் உண்டு. சிறுநீர் முழுவதும் தொட்டிக்கு வந்த பிறகும் நாலைந்து உலர்ந்த புழுக்கைகள் அங்கங்கே கிடப்பதைக் குற்றமாகக் கருதாதீர்கள். நாளொன்றுக்கு 200 முதல் 300 வரை புழுக்கையிடுகிற பிராணி எல்லைக்கு நாலைந்து வைப்பது நியாயமே. அவை நாறுவதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை.

மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள், நன்றாகப் பழகியிருந்த முயல் திடீரென்று எல்லாவற்றையும் மறந்ததுபோல நடந்துகொள்ளும் ஒரு காலம் வருகிறது. ஆண் முயல் சுவரிலும், நாற்காலியிலும், சில சமயம் நம் காலிலும் சிறுநீரைப் பீச்சுகிறது. பெண் முயல் தரையைப் பிறாண்டுகிறது, தொட்டியைப் புரட்டுகிறது, தன் மயிரைப் பிடுங்கி வைக்கோலோடு சேர்த்துக் கூடு கட்டவும் கட்டுகிறது. இனச்சேர்க்கையே இல்லாமலும் கர்ப்பம் தரித்ததுபோல உடல் ஏமாறும் இந்த நிலை ஏறக்குறைய இரண்டரை வாரத்தில் தானே தணியும். அதுவரை கூட்டைக் கலைக்காமல், கழிக்க வேறொரு தொட்டி வையுங்கள். இவை யாவும் பருவமடைந்த உடலின் செயல்கள். பயிற்சியால் தீரக்கூடியவை அல்ல. பரிகாரம் கருத்தடை அறுவைச் சிகிச்சை. ஆணுக்கு நான்கு மாதத்துக்குப் பிறகும், பெண்ணுக்கு ஐந்து ஆறு மாத வயதிலும் செய்யலாம். சில வாரங்களில் பழைய ஒழுங்கு திரும்பும். பெண் முயலுக்கு இதைச் செய்விக்க இன்னும் பெரிய காரணம் உண்டு: செய்விக்காத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக வருகிறது. நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் செய்து பழகியவர் எல்லாருக்கும் முயலின் உடல் பழக்கமில்லை. முயலுக்கு இதே சிகிச்சை செய்து அனுபவம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் இரவு முதல் பட்டினி போடச் சொன்னால், நாய்க்குரிய விதியை முயலுக்குச் சொல்கிறார் என்று அறியலாம். வாந்தியெடுக்காத முயலுக்கு அந்தப் பட்டினி பயனற்றது; அதன் குடல் நின்றுபோக ஏதுவாகும். ஆண் முயலோ சிகிச்சைக்குப் பின்னும் நாலு முதல் ஆறு வாரம்வரை பெண்ணைக் கருவுறச் செய்யவல்லது; அதுவரை பிரித்து வையுங்கள்.

சுத்தம் செய்வதில் மிதம் வேண்டும். காலையில் நனைந்த வைக்கோலை மட்டும் எடுத்துப் புதியதை இடுவதும், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை முழுவதையும் கொட்டுவதும் போதும். அழுக்குத் தொட்டியிலிருந்து எழும் அம்மோனியா முயலின் மூக்கையும் நுரையீரலையும் அரித்துச் சளிநோய்க்கு வழிசெய்கிறது. ஆதலால் தொட்டியின் அருகே குனிந்தால் உங்கள் கண் கரிக்கும் அளவுக்கு விடலாகாது. ஆனால் முதல் மாதத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி பழைய புழுக்கையைத் திரும்பப் போடுங்கள். வாசனையே இல்லாத தொட்டி முயலுக்கு அந்நியத் தொட்டி. அடியில் சுண்ணாம்புபோல வெள்ளையாகப் படியும் உப்பு சோப்புக்குக் கரையாது. வினிகரை ஊற்றி அரை மணி ஊறவிட்டால் விட்டுவிடும். அதே வினிகரை மொசைக்குத் தரையிலோ சலவைக்கல்லிலோ ஊற்றாதீர்கள், அவற்றை அது அரித்துவிடும். அங்கே சோப்பு நீரே போதும். பினாயிலின் நெடி முயலைத் தொட்டியிலிருந்து துரத்தும். பிளீச்சிங் பவுடரோ சிறுநீரோடு கலந்து விஷ வாயுவை உண்டாக்கும். முயலுக்கு மட்டுமல்ல, கழுவுகிறவருக்கும் கெடுதி. கொட்டிய வைக்கோலும் புழுக்கையும் கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் நல்ல எரு. முயல் புழுக்கை கோழியெச்சத்தைப்போல் வேரைச் சுடாது என்பதால் மக்க வைக்காமலே இடலாம்.

தொட்டி பழகிவிட்ட வீட்டில் ஒரு பெரிய லாபம் உண்டு. முயலின் ஆரோக்கியம் தினமும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. நல்ல புழுக்கை உருண்டையாய், கொண்டைக்கடலையைவிடச் சிறிதாய், உடைத்தால் உள்ளே உலர்ந்த நாராய் இருக்கும். அவை சிறுத்துப் போனாலும், மயிரால் கோத்த மணிபோலத் தொடர்ந்து வந்தாலும் புல் போதவில்லை அல்லது குடல் மந்தப்படுகிறது என்று அறிக. அரை நாள் முழுவதும் ஒரு புழுக்கையும் இல்லை, முயலும் உண்ணவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அந்த நிலையில் ஓர் இரவு மிகையான காலம். உருண்டையாக இன்றி, பளபளப்பாக, சிறு திராட்சைக் குலைபோல ஒட்டிக்கொண்டிருக்கும் மென்மையான புழுக்கை வேறு வகை. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் உள்ள பெரிய பையில் புளித்து உருவாகும் அதை, முயல் ஓய்ந்திருக்கும் வேளையில் ஆசனவாயிலிருந்தே வாங்கி உண்டு, பி வைட்டமின்களையும் புரதத்தையும் பெறுகிறது. அருவருப்பால் அதைத் தடுத்தால் முயல் நலியும். அது உண்ணப்படாமல் தொட்டியிலும் பின்பாகத்திலும் அப்பிக் கிடந்தால், தீவனமும் பழமும் மிகுதி, புல் குறைவு என்று பொருள். நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் அப்படி அழுக்கான பின்பாகத்தில் ஈ முட்டையிட்டு ஓரிரு நாளில் புழு வைக்கும்; அங்கே தினமும் ஒருமுறை பாருங்கள்.

சிறுநீர் வெளிர் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை நிறம் மாறுவதும், கலங்கி இருப்பதும் சாதாரணமே. தழைகளின் நிறமே பெரும்பாலும் காரணம். ரத்தக் கட்டியோ தனிக் கீற்றோ கண்டால், களிம்புபோலக் கெட்டியாக வந்தால், முக்கி முக்கிக் கழித்தால், அது நோய். பல மாதம் பழகிய முயல் திடீரென்று தொட்டிக்கு வெளியே கழிக்கிறது என்றால், கோபம் கொள்ளுமுன் வீட்டில் என்ன மாறிற்று என்று யோசியுங்கள்: புதிய முயலா, வீடு மாற்றமா, தீபாவளி வெடியா? ஒன்றுமில்லை என்றால் மூத்திரப்பையையும் பின்னங்கால்களையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். வீட்டிலுள்ள மருந்தை நீங்களே கொடுக்க வேண்டாம்; பெனிசிலின் வகையைச் சேர்ந்த மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் குடலின் நற்கிருமிகள் அழிந்து முயல் இறந்துவிடக் கூடும்.

பேணி வளர்த்த முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை வாழ்கிறது. ஏழெட்டு வயதுக்குமேல் மூட்டுகள் இறுகுவதால், பல்லாண்டு தவறாமல் ஏறிய விளிம்பே அதற்கு மதிலாகிவிடும். தொட்டியின் முன்னே வந்து நின்று, ஏற முடியாமல், அங்கேயே கழித்துவிட்டு நிற்கும். அப்பொழுது தொட்டியின் முன்பக்கத்தை ஐந்து சென்டிமீட்டர் உயரமாக வெட்டித் தாழ்த்தி, வெட்டிய ஓரத்தைக் கை கீறாதபடி தேய்த்து, முன்னே ஒரு சாக்கை நான்காக மடித்துப் போடுங்கள். மூலையை மட்டும் மாற்றாதீர்கள்.